திருமணத்துக்கு நாள் குறிப்பது எப்படி: ஆடி முதல் ராகு காலம் வரை

திருமணத்துக்கு நாள் குறிக்க உட்காருவதற்கு முன்பே, மணமகன் வீட்டார் எந்தெந்த நாட்களை ஆகாதவை என்று ஒதுக்குவார்கள், மணமகள் வீட்டார் எவற்றை ஒதுக்குவார்கள் என்பதைத் தனித்தனியே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டுவது அதற்கு அடுத்த வேலை. தமிழ்நாட்டில் வழங்கும் நல்ல நாள், கெட்ட நாள் நம்பிக்கைகள் அனைத்தையும் ஒருசேரக் கடைப்பிடிக்கப் புகுந்தால், மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம், யோகம், கரிநாள், பிறந்த மாதம், சந்திராஷ்டமம், ராகு காலம் என்று கழித்துக்கொண்டே போய், மண்டபம் கிடைக்கிற நாள் ஒன்றுகூட மிஞ்சாமல் போவது வழக்கம். ஆகவே எந்த விதியை யார் உண்மையிலேயே பொருட்படுத்துகிறார்கள் என்று அறிந்து அதற்கு இடங்கொடுத்து, மற்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடுவதுதான் நாள் குறிப்பதில் உள்ள திறமை.

கிழமையோ நட்சத்திரமோ ஓர் இல்லறத்தை வாழவைக்கும் அல்லது கெடுக்கும் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. என்றாலும் இவற்றை முற்றாக அலட்சியம் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. மாமனாருக்கு உடல்நலம் குன்றினாலும், மாப்பிள்ளைக்கு வேலை போனாலும், "அன்றைக்கே சொன்னேன், கரிநாளில் கொண்டுபோய் வைத்தார்கள்" என்று யாராவது ஒருவர் பேச்செடுப்பார். அந்தப் பழி பெரும்பாலும் வந்து விழுவது வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் தலையில்தான். அப்படிப்பட்ட பேச்சுக்கு இடமில்லாமல் செய்வதற்காகவாவது, நம்பாதவர்களும் இந்தக் கணக்குகளைத் தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

அடுத்து, இரு வீட்டாரும் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்பதில் உடன்பட வேண்டும். பாம்புப் பஞ்சாங்கம் போன்றவை வாக்கிய முறையைச் சேர்ந்தவை. அவை வழிவழியாக வந்த பழைய சூத்திரங்களைக் கொண்டு கோள்களின் நிலையைக் கணிக்கின்றன. திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் இன்றைய வானியல் கணக்கைக் கைக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு திதி முடியும் நேரம் சில மணி நேரம் முன்பின்னாக இருக்கலாம். மெதுவாக நகரும் சனி போன்ற கோளுக்கு வேறுபாடு இன்னும் பெரிதாகும். சனி மீன ராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2025 மார்ச் 29; வாக்கியப்படி 2026 மார்ச் 6. யாழ்ப்பாணத்திலும் இரு முறைகளுக்கும் தனித்தனிப் பஞ்சாங்கங்கள் அச்சாகின்றன. ஒரு வீட்டார் வாக்கியத்தையும் மற்றொரு வீட்டார் திருக்கணிதத்தையும் வைத்துக்கொண்டு பேசினால், ஒரே காலைப் பொழுதை ஒருவர் சப்தமி என்பார், மற்றவர் அஷ்டமி என்பார். எந்த முறை சரி என்று வாதாடுவதைவிட, மணமேடையில் உட்காரப்போகும் புரோகிதர் எதைப் பார்க்கிறாரோ அதையே இருவரும் ஏற்றுக்கொள்வது எளிது.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆடியும் மார்கழியும் கூடாது என்பதில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாச் சாதியினரும் ஒத்துப்போகிறார்கள். இந்த இரண்டில் எதையாவது எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் வாதாடிப் பார்ப்பது வீண் முயற்சி. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடியும் ஆடிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அம்மன் கோயில் திருவிழாக்களின் மாதம் என்பது ஒன்று. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்றபடி, கையிலிருக்கும் காசும் ஆள்பலமும் நிலத்துக்குப் போக வேண்டிய காலம் என்பது இன்னொன்று. தேவர்களுக்கு இரவாகிய தட்சிணாயனம் ஆடியில் பிறக்கிறது என்பது புரோகிதர் சொல்லும் காரணம். ஆனால் ஆவணி, ஐப்பசி, கார்த்திகை ஆகியவையும் அதே தட்சிணாயனத்தில்தான் வருகின்றன என்பதையும், அவற்றில் திருமணங்கள் தாராளமாக நடக்கின்றன என்பதையும் பார்க்கும்போது இந்தக் காரணம் முழுமையாகப் பொருந்தவில்லை. வீட்டுப் பெண்கள் வெளிப்படையாகச் சொல்லும் காரணமே எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது: ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில், கத்திரி வெயிலில், பேறுகாலம் வரும். மின்விசிறியும் மருத்துவமனையும் இல்லாத நாட்களில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரும் சோதனை. 'சித்திரை அப்பன் தெருவிலே' என்ற பழமொழி அந்த அச்சத்தைக் குடும்பத்தலைவனின் தலையெழுத்தாகவே மாற்றிவிட்டது.

இந்தக் காரணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு தவறைத் தவிர்க்கலாம். ஆனிக் கடைசியில் திருமணம் வைத்தால், பத்துப் பதினைந்து நாட்களுக்குள் ஆடி பிறந்துவிடும். ஆடி அழைப்பு என்று பெண் வீட்டார் சீரோடு வந்து மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். இருவரும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால் இது பெரிய இடைஞ்சல். வழக்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் குடும்பம் என்றால் வைகாசிக்கு முன்தள்ளலாம், அல்லது ஆவணிக்குப் பின்தள்ளலாம். ஆனிதான் என்று உறுதியானால், ஆடி முதல் நாள் மட்டும் பெண்ணை அழைத்துச் சென்று விருந்து கொடுத்து அனுப்பிவிடுவதாக நாள் குறிக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

மார்கழியில் திருமணம் இல்லாதது தெய்வ வழிபாட்டுக்காக. திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் மாதம் அது. தேவர்களுக்கு விடியற்காலம் என்பதால் உலகியல் சடங்குகளை ஒதுக்கிவைக்கிறார்கள். கெட்ட மாதம் என்று யாராவது சொன்னால், 'மாதங்களில் நான் மார்கழி' என்று கீதையில் கண்ணன் சொல்வதை நினைவூட்டலாம். ஆனால் அதைக் கொண்டு மண்டபம் பதிவு செய்துவிட முடியாது.

புரட்டாசியின் நிலை வேறு. பெருமாளுக்குரிய மாதம், முன்னோர்க்குரிய மகாளய பட்சம் அந்த வேளையில் வருகிறது என்று பலர் தவிர்ப்பார்கள். ஒருசிலர் மகாளயம் கழிந்தபின் வரும் வளர்பிறையில் வைப்பார்கள். அசைவ விருந்து போடும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இங்கே நடைமுறைச் சிக்கலும் உண்டு: விருந்தினர்களில் பாதிப்பேர் அந்த மாதம் கவுச்சி தொடமாட்டார்கள். பங்குனியை ஆண்டின் கடைசி மாதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், ஆனால் பங்குனி உத்திரத்தன்றுதான் சிவனுக்கும் பார்வதிக்கும், முருகனுக்கும் தெய்வானைக்கும், ராமனுக்கும் சீதைக்கும் திருமணம் நடந்தது என்று கோயில்தோறும் கல்யாண உற்சவம் நடக்கிறது. பங்குனி வேண்டாம் என்று சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம், பெரும்பாலும் இசைந்துவிடுவார்கள்.

ஆனி மாதத்துக்கு ஒரு தனி விலக்கு உண்டு. மணமகன் வீட்டுக்கு மூத்த மகன், மணமகள் வீட்டுக்கு மூத்த மகள், மாதமும் வடமொழியில் ஜ்யேஷ்டம் எனப்படும் ஆனி என்று மூன்று மூத்தவை சேரக்கூடாது என்பார்கள். இருவரில் ஒருவர் இளையவர் என்றால் இந்த விலக்குப் பொருந்தாது. தலைச்சன் பிள்ளைகளுக்குப் பிறந்த மாதத்தில் திருமணம் கூடாது என்பதும் பரவலான நம்பிக்கை. இது தமிழ் மாதத்தைக் குறிக்கும், ஆங்கில மாதத்தை அல்ல. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அதை மல மாதம் என்று தள்ளுவார்கள். நாள்காட்டியில் அமாவாசைகளை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஊருக்கு ஊர் விதி மாறுவதையும் கவனிக்க வேண்டும், குறிப்பாக வேறு மாநிலத்தாருடன் சம்பந்தம் செய்யும்போது. ஆவணி தமிழ்நாட்டில் கெட்டிமேளம் ஓயாத மாதம். வட இந்தியாவில் அதே நாட்கள் சதுர்மாசம் எனப்படும் நான்கு மாத விரதக் காலத்துக்குள் வருவதால் அங்கே திருமணமே இல்லை. 2024 மே, ஜூன் மாதங்களில் சுக்கிரன் சூரியனுக்கு மிக அருகில் இருந்து மறைந்தது என்ற காரணத்தால் வடக்கே முகூர்த்தம் கிடைக்காமல் தவித்தார்கள். அதே வைகாசியில் இங்கே மண்டபங்கள் நிறைந்திருந்தன. கேரளத்தார் நம்மோடு ஏறக்குறைய ஒத்துவருவார்கள்: அவர்களுடைய கர்க்கடகம் நமது ஆடி, சிங்ஙம் நமது ஆவணி. 2024 செப்டம்பர் 8 ஞாயிறன்று குருவாயூர்க் கோயிலில் ஒரே நாளில் 300க்கு மேற்பட்ட திருமணங்கள் நடந்ததும் அந்தச் சிங்ஙத்தில்தான். கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தைத் தவிர்க்கும். தமிழ் முஸ்லிம்களில் சிலர் முஹர்ரம் முதல் பத்து நாட்களையும் சஃபர் மாதத்தையும் ஒதுக்குவார்கள், ஆனால் சஃபரில் கேடு என்று எதுவும் இல்லை என்பதே மார்க்க அறிஞர்கள் சொல்லும் விளக்கம்.

பிறையும் கிழமையும்

மாதம் முடிவானதும் அந்த மாதத்தின் நாட்காட்டித் தாளில் அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் வட்டமிட வேண்டும். அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறையில் துவிதியை, திருதியை, பஞ்சமி, சப்தமி, தசமி, திரயோதசி ஆகியவை விரும்பப்படும் திதிகள். அஷ்டமியும் நவமியும் பொதுவாகவே ஆகாதவை. சதுர்த்தி, சதுர்த்தசி, அமாவாசை ஆகியவற்றையும் தள்ளுவார்கள். தேய்பிறை முழுவதும் கூடாது என்பது தவறான எண்ணம். பௌர்ணமி கழிந்து பஞ்சமி வரையில் நிலவு இன்னும் நிறைவாகவே இருப்பதால் அந்த நாட்களைப் பலர் ஏற்கிறார்கள். நாள்காட்டிகளே தேய்பிறை முகூர்த்தம் என்று தனியாக அச்சிடுகின்றன. வளர்பிறை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காதவர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும், ஏனெனில் அன்று பூவும் சமையல்காரரும் எளிதாகக் கிடைப்பார்கள்.

கிழமைகளில் செவ்வாயும் சனியும் விலக்கு. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று சொல்லியே செவ்வாயை ஒதுக்கிவிடுவார்கள். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்பதால் புதனுக்கு மதிப்பு அதிகம். திங்கள், வியாழன், வெள்ளி ஆகியவையும் நல்லவை. வெள்ளியன்று தாலி கட்டலாம் என்றாலும், வீட்டு மகாலட்சுமியை அன்றைக்கே புகுந்த வீட்டுக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் மண்டப வாசலில் கார் காத்திருக்கும்போது வாக்குவாதம் வராது. ஞாயிறு, பழைய கணக்கில் நடுத்தரமான கிழமைதான். அலுவலக விடுமுறை அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

கரிநாள் என்பது ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் நிலையாக வரும் சில தேதிகள். திதியும் நட்சத்திரமும் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கரிநாளில் சுபகாரியம் வைப்பதில்லை. தை 1, 2, 3 மூன்றும் கரிநாட்கள். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று மார்கழி முழுவதும் காத்திருந்தவர்கள்கூடப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் கழிந்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். நாள்காட்டித் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இது அச்சாகியிருக்கும். அதன் பக்கத்திலேயே சித்தயோகம், அமிர்தயோகம், மரணயோகம் என்று ஒன்று இருக்கும்; கிழமையும் நட்சத்திரமும் சேர்வதைக் கொண்டு சொல்வது அது. மரணயோகம் என்ற பெயரே உறவினர்களைக் கலங்கவைத்துவிடும் என்பதால், அதை நம்பாதவர்களும் தவிர்த்துவிடுவதே நிம்மதி. 8, 17, 26 ஆகிய ஆங்கிலத் தேதிகள் சனியின் எண் என்று எண்கணிதக்காரர்கள் கிளப்பிவிடும் அச்சத்துக்குப் பஞ்சாங்கத்தில் இடமே இல்லை. இதை முதலில் கைவிடலாம்.

நட்சத்திரப் பொருத்தம்

திருமணத்துக்கு உகந்தவை என்று பொதுவாகக் கொள்ளப்படும் நட்சத்திரங்கள் பதினொன்று: ரோகிணி, மிருகசீரிடம், மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி, அனுஷம், மூலம், உத்திராடம், உத்திரட்டாதி, ரேவதி. இவற்றுள் ரோகிணியின் பெருமை மிகப் பழையது. சந்திரன் ரோகிணியோடு கூடிய நாளில் நடந்த மணத்தை அகநானூற்றின் 136ஆம் பாடல் பேசுகிறது. கோவலன் கண்ணகி திருமணமும் அதே ரோகிணி நாளில் நடந்ததாகத்தான் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த இல்லறம் மதுரையில் எப்படி முடிந்தது என்பது நாள் பார்ப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் ரோகிணியைத் தேடுகிறார்கள்.

அன்றைய நட்சத்திரம் மணமக்களின் பிறந்த நட்சத்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதைத் தாராபலம் என்பார்கள். இதை யார் வேண்டுமானாலும் விரல்களைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். பிறந்த நட்சத்திரத்தை ஒன்றாகக் கொண்டு அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி, வந்த எண்ணை ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி 2, 4, 6, 8 அல்லது மீதியின்றி வந்தால் நல்லது. 3, 5, 7 வந்தால் விலக்கு. 1 வந்தால் அது ஜன்ம தாரை என்பதால் திருமணத்துக்குத் தவிர்ப்பார்கள். மணமகள் சித்திரை, மணமகன் புனர்பூசம், குறித்த நாள் அனுஷம் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம் என்று எண்ணினால் நான்கு; மணமகளுக்கு க்ஷேம தாரை. புனர்பூசத்திலிருந்து எண்ணினால் அனுஷம் பதினொன்றாவது. ஒன்பது போக மீதி இரண்டு, மணமகனுக்கு சம்பத்துத் தாரை. நாள் இருவருக்கும் பொருந்துகிறது. இருவருக்கும் சேர்ந்து அமையாதபோது மணமகளின் தாராபலத்தையே முதன்மையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

சந்திராஷ்டமத்தையும் இத்துடனே பார்த்துவிட வேண்டும். பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் இரண்டேகால் நாள் அது; மாதந்தோறும் எல்லோருக்கும் ஒரு முறை வரும். பிறந்த நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது நட்சத்திரம் என்று எண்ணினாலும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். நாள்காட்டியில் அன்றன்றைக்குச் சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு என்று அச்சாகியிருப்பதால், மணமக்கள் இருவரின் நட்சத்திரமும் அதில் சிக்காத நாளாகப் பார்த்தால் போதும். சித்தப்பா, அத்தை என்று வீட்டார் அனைவருடைய சந்திராஷ்டமத்தையும் பார்க்கத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது.

நேரத்தைக் குறித்தல்

அழைப்பிதழில் 'காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். ராகு காலம், எமகண்டம், குளிகை ஆகிய மூன்று ஒன்றரை மணி நேரப் பகுதிகளைக் கழித்த பிறகு மிஞ்சும் இடம் அது. ராகு காலத்தை நினைவில் வைக்க 'திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாக்கியம் உதவும். முதலெழுத்துகளைக் கொண்டு திங்கள் 7.30, சனி 9.00, வெள்ளி 10.30, புதன் 12.00, வியாழன் 1.30, செவ்வாய் 3.00, ஞாயிறு 4.30 என்று தொடக்க நேரங்கள் வரிசையாக வந்துவிடும். எமகண்டம் திங்களன்று 10.30, புதனன்று 7.30, வியாழனன்று காலை 6.00, வெள்ளியன்று பிற்பகல் 3.00, ஞாயிறன்று பகல் 12.00 மணிக்குத் தொடங்கும். குளிகையில் செய்த காரியம் மீண்டும் நடக்கும் என்பது நம்பிக்கை. நகை வாங்கவும் கடன் அடைக்கவும் அது நல்ல நேரம், ஆனால் திருமணம் மீண்டும் நடக்க யாரும் விரும்பமாட்டார்கள். அது புதனன்று 10.30, வியாழனன்று 9.00, வெள்ளியன்று 7.30, ஞாயிறன்று பிற்பகல் 3.00 மணிக்குத் தொடங்கும்.

இவற்றைக் கழித்துப் பார்த்தால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாட்களிலும் காலை 6.00 முதல் 7.30 வரையும், 9.00 முதல் 10.30 வரையும் கிடைக்கின்றன, வியாழனன்று 7.30 முதல் 9.00 வரையும், 10.30 முதல் 12.00 வரையும் கிடைக்கின்றன. ஞாயிறன்று மூன்றும் பகல் 12 மணிக்குப் பிறகே வருவதால் காலை 6.00 முதல் 12.00 வரை முழுவதும் தடையில்லை. வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் உறவினர்களுக்கு ஞாயிறு வசதியாக இருப்பதற்கு விடுமுறை மட்டும் காரணம் இல்லை.

இந்த நேரங்கள் அனைத்தும் சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாகக் கொண்ட தோராயக் கணக்கு. உண்மை விதி, சூரிய உதயம் முதல் மறைவு வரையிலான பகற்பொழுதை எட்டாகப் பகுக்க வேண்டும் என்பதுதான். தை மாதத்தில், ஜனவரி இறுதியில், சென்னையில் சூரியன் சுமார் 6.35க்கு உதித்து 6.07க்கு மறைகிறது. பகல் 692 நிமிடம். எட்டில் ஒரு பங்கு 86 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு ராகு காலம் என்பதால், அது 8.01க்குத் தொடங்கி 9.28க்கு முடியும். அதாவது 'திங்கள் 9.00 மணிக்கு மேல்' என்று அச்சிட்ட முகூர்த்தத்தில், 9.10க்குத் தாலி கட்டியவர்கள் கணக்குப்படி ராகு காலத்திலேயே கட்டியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மணிவிழா கொண்டாடியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் வீட்டில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பவர் இருந்தால், தை, மாசி மாதங்களில் 9.00 முகூர்த்தத்துக்கு 9.30க்கு மேல் கெட்டிமேளம் கொட்டச் சொன்னால் இரண்டு கணக்குக்கும் பொருந்தும்.

விடியற்காலை 4.30 முதல் 6.00 வரை வரும் முகூர்த்தத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பகலே பிறக்காதபோது பகலின் பங்குகள் ஏது? ஆனால் அந்த நேரத்தில் வருபவர்கள் மண்டபத்திலேயே தங்கியவர்கள் மட்டும்தான். ஊரார் முதல் நாள் மாலை வரவேற்பிலேயே மொய் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

வீட்டு வழக்கங்கள்

பஞ்சாங்கத்தில் இல்லாத, ஆனால் அதைவிடக் கடுமையான விலக்குகள் சில உண்டு. உடன்பிறந்தவர் இருவரின் திருமணம் ஆறு மாதத்துக்குள் அடுத்தடுத்து நடக்கக்கூடாது என்பார்கள். இடையில் தமிழ் வருடம் பிறந்துவிட்டால் பாதகமில்லை என்று தளர்த்துவதும் உண்டு. நெருங்கிய இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டு சுபகாரியம் கிடையாது என்பது பொது வழக்கம், ஆனால் பெண்ணின் திருமணத்தை அந்த ஆண்டுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும் என்று நேர்மாறாகச் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. இவற்றில் ஜோதிடரைக் கேட்பதைவிடக் குலப் பெரியவரைக் கேட்பதே முறை. முதல் தாளில் இந்த வரிகளைத்தான் தடித்த எழுத்தில் எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் பஞ்சாங்கத்துக்குப் பரிகாரம் சொல்பவர்கள் இவற்றுக்குப் பரிகாரம் சொல்வதில்லை.

நாளை முடிவாக்குதல்

இவ்வளவையும் கழித்த பிறகு கையில் மூன்று நான்கு நாட்கள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாளோடு மண்டபத்துக்குப் போகக்கூடாது. வளர்பிறை முகூர்த்தங்கள் ஊர் முழுவதற்கும் பொது என்பதால், அன்று மண்டபம், நாதஸ்வரம், சமையல், மல்லிகைப்பூ எல்லாமே விலை ஏறி நிற்கும். பதிவுத்துறை அத்தகைய நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்குவதையும், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் முகூர்த்தத்துக்கென்றே சிறப்புப் பேருந்து விடுவதையும் செய்தித்தாளில் பார்க்கலாம். மண்டபக்காரரிடம் நாட்களைச் சொல்லி எது காலியாக இருக்கிறது என்று கேட்டு, முன்பணம் கொடுக்கும் முன் புரோகிதரின் நாட்குறிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் அன்று இன்னும் இரண்டு மண்டபங்கள் இருக்கலாம், 6.00 மணி முகூர்த்தத்தை முடித்துவிட்டு உங்கள் 9.00 மணிக்கு வந்துசேர வேண்டியவர் அவர்.

இந்தக் கணக்குகளே வேண்டாம் என்று மணமக்கள் முடிவெடுத்தால் சட்டம் அவர்களுக்குத் தடையாக இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7அ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ திருமணம் செல்லும். நேரமும் புரோகிதரும் தேவையில்லை. சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணங்கள் நடத்திக்காட்டியதும் உண்டு. ஒரு தரப்பு இதை விரும்பி மறுதரப்பு முகூர்த்தம் கேட்டால், நேரத்தை மட்டும் விட்டுக்கொடுத்துச் சடங்கைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது.

வெளிநாட்டில் திருமணம் நடத்துபவர்கள் இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திதியும் நட்சத்திரமும் உலகுக்கெல்லாம் ஒரே கணத்தில் மாறுபவை. நாள்காட்டியில் இந்திய நேரப்படி காலை 10 மணி வரை சப்தமி என்று இருந்தால், கோடைக்கால டொராண்டோவில் அது நள்ளிரவு 12.30க்கே முடிந்துவிடும், பொழுது விடியும்போது அஷ்டமி. ராகு காலமோ அந்தந்த ஊரின் சூரியனைப் பொறுத்தது. ஜூன் இறுதியில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், எட்டில் ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை ஏழேகால் மணியிலிருந்து ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பு வரை போகும். சென்னை நாள்காட்டியில் உள்ள 4.30 மணியை அங்கே பார்த்துப் பயனில்லை.

எதுவுமே பொருந்தி வரவில்லை, விடுப்பு முடிவதற்குள் திருமணம் நடந்தாக வேண்டும் என்ற நிலையில் பெரியவர்களே இரண்டு வழிகளைத் திறந்துவிடுவார்கள். ஒன்று, நண்பகலை நடுவாகக் கொண்ட இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அபிஜித் முகூர்த்தம். புதன் தவிர மற்ற நாட்களில் மற்றத் தோஷங்களை அது போக்கும் என்பது நம்பிக்கை. மற்றொன்று, கோயிலில் வைத்துத் தாலி கட்டுவது; தெய்வ சந்நிதியில் நாளும் கோளும் பார்க்க வேண்டியதில்லை என்று மிகக் கண்டிப்பான பாட்டியும் ஒப்புக்கொள்வார். ஆனால் கோயில் அலுவலகத்தில் முன்பதிவு செய்யப் போகும்போது, இருவரின் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். அவற்றை அசலோடு எடுத்துச் செல்ல வேண்டும்.